ஆட்டுக் கண்ணில் துத்தநாகம் தேடுவது எப்படி?

குன்னூரில் அடைமழை. ஆய்வகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. தகரக் கூரையிலிருந்து வடிந்த மழைநீரில் புட்டிகளைக் கழுவிவிட்டேன். அந்த வாரம் அளந்த ஆட்டுக் கண்கள் எல்லாவற்றிலும் துத்தநாகம் கொட்டிக் கிடந்தது. கண்ணே போடாத புட்டியிலும் அதே கதைதான். தகரத்தின் மேல் பூசியிருப்பது துத்தநாக முலாம் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆகவே கண்ணுக்கு முன்னால் புட்டி.

முதல் படி: பிளாஸ்டிக் புட்டிகளை 10 விழுக்காடு நைட்ரிக் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் மூன்று முறை அலசுங்கள். ரப்பரைப் பதப்படுத்தவே துத்தநாக ஆக்சைடு சேர்ப்பார்கள் என்பதால் கையுறையின் மேல் மெல்லிய பாலித்தீன் உறை ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து நேராக வரும் நண்பரை வாசலிலேயே நிறுத்துங்கள். கொப்புள நோய்க்குத் தெளிக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடு அவர் சட்டையில் இருக்கக்கூடும். நாம் துத்தநாகத்தோடு செம்பையும் இரும்பையும் அளக்கப் போகிறோம்.

இரண்டாம் படி: கறிக்கடையில் அன்று அறுத்த ஆட்டின் கண்ணைக் கேட்டு வாங்கி, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவாருங்கள். எஃகுக் கத்தி இரும்பையும் குரோமியத்தையும் விட்டுச்செல்லும். பீங்கான் கத்தியே நல்லது. விழியைக் குறுக்கே வெட்டி, உள்ளிருக்கும் கூழான விழிப்பாகை வடித்ததும், விழித்திரைக்குப் பின்னால் உள்ள அடுக்கு நீலப்பச்சையாக மினுங்கும். ஆட்டில் அந்த மினுக்கம் வெறும் நார்களின் வேலை. பூனைக்கும் நாய்க்கும் அதே இடத்தில் துத்தநாகம் செறிந்திருக்கிறது. ஒரு கண்ணை உலோகம் எவ்வளவு என்று அளக்கவும், மற்றொன்றை அது எங்கே இருக்கிறது என்று காட்டும் வரைபடத்துக்கும் ஒதுக்குங்கள்.

மூன்றாம் படி, அளத்தல்: விழித்திரையைப் பிரித்து உலர்த்தி எடைபோடுங்கள். 0.3 மில்லி தூய நைட்ரிக் அமிலம் சேர்த்து, புகைபோக்கிப் பெட்டிக்குள் 90 டிகிரியில் கரையுங்கள். மூடியை இறுகத் திருகாதீர்கள், வாயு வெளியேற வேண்டும். பிறகு 10 மில்லிக்கு நீர்த்துவிடுங்கள். திசு இல்லாத புட்டி ஒன்றும் இதே பாட்டைப் பட வேண்டும், அதுதான் பிளாங்க். நிறைமாலைமானி (அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் கருவி) லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் காட்டி, பிளாங்க் 20 காட்டினால், மீதி 80. 10 மில்லியில் அது 0.8 மைக்ரோகிராம். உலர்ந்த திசு 0.02 கிராம் என்றால் கிராமுக்கு 40 மைக்ரோகிராம். (எண்கள் கணக்குக்காக மட்டும்.) இரும்பில் ஒரு பொறி உண்டு: ஆர்கானும் ஆக்சிஜனும் சேர்ந்து 56 என்ற நிறையில் இரும்பைப் போலவே நிற்கும். அந்தப் போலியை ஹீலியத்தால் வடிகட்டும் மோதல் அறையைப் போடாமல் இரும்பை நம்பாதீர்கள்.

நான்காம் படி, வரைபடம்: இரண்டாவது கண்ணை ஃபார்மலினில் போடாதீர்கள்; உலோகம் கசிந்துவிடும். திரவ நைட்ரஜனில் குளிர்வித்த ஐசோபென்டேனில் உறையவையுங்கள். இங்கே நைட்ரஜனுக்கு நான் போவது கால்நடை மருந்தகத்துக்கு, சினை ஊசிக் குச்சிகளுக்காக அங்கே கேன் வைத்திருப்பார்கள். 20 மைக்ரோமீட்டர் தடிமனில் சீவி, கண்ணாடி வில்லையில் (ஸ்லைடில்) ஒட்டுங்கள். குளிர்ந்த வில்லையை எங்கள் ஊர் மூடுபனியில் அப்படியே வெளியே எடுத்தால், ஈரம் படிந்து உப்புகள் ஓடிவிடும். சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் அடைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.

எங்களிடம் லேசர் இல்லை. லேசர் உள்ள ஆய்வகத்துக்கு வில்லைகள் பஸ்ஸில் மலையிறங்குகின்றன. லேசர் திசுவைப் புள்ளி புள்ளியாக ஆவியாக்க, ஹீலியம் அதை நிறைமாலைமானிக்குச் சுமந்து செல்லும். விழித்திரையின் தடிமன் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர்தான். 50 மைக்ரோமீட்டர் புள்ளியில் நான்கு கட்டம் கிடைக்கும், 10 மைக்ரோமீட்டரில் இருபது. நேரம் ஆனாலும் சிறியதையே கேளுங்கள். கருவி தரும் எண்ணிக்கைகளை உலோக அளவாக மாற்ற, தெரிந்த அளவு உலோகம் கலந்த ஜெலட்டினையும் அதே தடிமனில் சீவி அனுப்புங்கள். வரைபடத்தில் இரும்பு எங்கேனும் ஒளிர்ந்தால், அடுத்த சீவலைச் சாயமேற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அது ரத்தக்குழாயாக இருக்கும்.