போர் தண்ணீரைக் கோடையிலும் மழைக்குப் பிறகும் பரிசோதிப்பது எப்படி?

வீட்டில் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்ட புதிதில் ஒருமுறை தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, 'குடிக்கலாம்' என்று வந்ததும் அந்தச் சீட்டைப் பத்திரமாக எடுத்து வைத்துவிடும் வீடுகள் நிறைய. ஆனால் அந்தச் சீட்டு அந்த மாதத்துத் தண்ணீரைப் பற்றி மட்டும்தான் சொல்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி போன்ற பாறைப் பகுதிகளில் தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் தேங்கி நிற்கிறது. சித்திரையில் வருவதும் கார்த்திகையில் வருவதும் ஒரே தண்ணீராக இருக்கும் என்று நம்ப முடியாது.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

வருடத்துக்கு இரண்டு முறை போதும். ஒன்று மே மாதம், நீர்மட்டம் நன்றாக இறங்கியிருக்கும்போது. இன்னொன்று வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பர் கடைசி அல்லது ஜனவரியில். கிருமிப் பரிசோதனையை மட்டும் முதல் பெருமழை பெய்த ஒரு வாரத்துக்குள் தனியாகச் செய்துவிடுங்கள். காரணம் கீழே வருகிறது.

படி 2: தண்ணீர் பிடிப்பது

பலரும் தவறுவது இங்கேதான். மேல்தொட்டிக் குழாயில் பிடித்தால் தொட்டியின் அழுக்கும் சேர்ந்துதான் வரும். போரிலிருந்து நேராக வரும் குழாயில் பிடியுங்கள். மோட்டாரைப் போட்டதும் பிடிக்கவும் கூடாது. பைப்பில் நின்ற தண்ணீர் போகப் பத்து நிமிடமாவது ஓட விடுங்கள். சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். தேதி, போரின் ஆழம், கடைசியாக மழை பெய்த நாள் மூன்றையும் பாட்டில் மேல் எழுதி ஒட்டுங்கள். மழை நாளைக் குறிக்காவிட்டால் அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகமே தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும். அதை அலசக் கூடாது, மூடியின் உட்புறம் விரல் படக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

படி 3: எங்கே கொடுப்பது

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வகங்கள் உண்டு. கட்டணம் கட்டிப் பொதுமக்களும் பரிசோதித்துக்கொள்ளலாம். டிடிஎஸ் மீட்டர் வீட்டில் இருந்தால் நல்லதுதான், மாதாமாதம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆனால் அது கரைந்த உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும். ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி இவை இருக்கிறதா என்று அது சொல்லாது. டிடிஎஸ் 400 காட்டுகிறது என்பதற்காகத் தண்ணீர் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள்.

படி 4: சீட்டைப் படிப்பது

இந்தியத் தர நிர்ணயத்தின்படி (ஐஎஸ் 10500) லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் டிடிஎஸ் 500, கடினத்தன்மை 200 வரை விரும்பத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் முறையே 2000, 600 வரை அனுமதி. ஃபுளோரைடு 1.0, உச்சபட்சம் 1.5. நைட்ரேட் 45, அதற்கு மேல் சலுகை கிடையாது. மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கிருமியான ஈ.கோலி 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

இப்போது இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடையில் உப்பும் கடினத்தன்மையும் ஏறியிருந்தால் ஆச்சரியமில்லை. மேல்மட்ட ஊற்று வற்றி, பாறையோடு நெடுநாள் கிடந்த ஆழத்துத் தண்ணீர் வருகிறது. பருப்பு வேக நேரமாகும், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும்.

மழை பெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உப்பு குறையலாம். ஆனால் வயலில் போட்ட யூரியாவும் செப்டிக் டேங்க் கசிவும் மழைநீரோடு இறங்குவதால் நைட்ரேட் அப்போதுதான் கூடக்கூடும். ஃபுளோரைடும் அப்படித்தான்: சில போர்களில் மழைக்குப் பின் குறையும், சிலவற்றில் மண்ணில் படிந்திருந்த உப்பு கரைந்து இறங்கி ஏறிவிடும். பக்கத்து வீட்டுச் சீட்டை நம்பக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

கிருமி முதல் மழையில் வருவதற்குப் பெரும்பாலும் கேசிங் பைப்தான் (போர் குழியின் மேல்பகுதியில் இறக்கியிருக்கும் வெளிக்குழாய்) வழி. அதன் வாய் தரைமட்டத்தில் இருந்தாலோ, சுற்றிலும் சிமென்ட் மேடை வெடித்திருந்தாலோ தேங்கிய மழைநீர் பைப் ஓரமாகவே உள்ளே இறங்கும். மழைக்காலத்துக்கு முன்பே வாயை உயர்த்தி, மூடி போட்டு, மேடையைப் பூசிவிடுங்கள்.

படி 5: அப்புறம் என்ன செய்வது

கிருமி இருந்தால் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள், அப்படியே போரில் குளோரின் போட ஏற்பாடு செய்யுங்கள். ஆனால் ஃபுளோரைடுக்கும் நைட்ரேட்டுக்கும் கொதிக்க வைப்பது உதவாது. தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் அளவு கூடத்தான் செய்யும். நைட்ரேட் 45-ஐத் தாண்டினால் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கலக்கவே கூடாது.

எந்த ஒரு பருவத்திலாவது ஃபுளோரைடு 1.5-ஐத் தாண்டினால், இன்னொரு பருவத்துச் சீட்டைக் காட்டிச் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். நிலையான பல் முளைக்கும் முன்பே உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் வயதில்தான் குழந்தைகளுக்குப் பல்லில் கறை விழுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் ஊர் என்றால் குடிக்க மட்டுமல்ல, சோறு வடிக்கவும் குழம்பு வைக்கவும் அதையே பிடித்து வையுங்கள். போர் தண்ணீர் துவைக்க, கழுவ இருக்கட்டும்.