குளத்துப் பாசி முதல் தயிர் வரை: நுண்ணுயிர்களைக் குழு பிரித்துப் பார்க்கும் செய்முறை

குளத்தில் தலைமுடிபோல மிதப்பதையும் பாசி என்கிறோம், மழைக்காலத்தில் முற்றத்தில் ஆளை வழுக்கி விடுவதையும் பாசி என்கிறோம். கண்ணுக்கு இரண்டும் பச்சைதான். நுண்ணோக்கியில் வைத்தால் ஒன்று செடிகொடிகளுக்குத் தூரத்துச் சொந்தம், மற்றொன்று பல சமயம் பாக்டீரியா! நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் நம்பிக் குழு பிரித்தால் இப்படித்தான் ஏமாறுவோம். எதைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள்: செல்லுக்குள் உட்கரு இருக்கிறதா? சுவர் இருக்கிறதா, இருந்தால் எதனால் ஆனது? தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்கிறதா?

கீழே உள்ள செய்முறைக்கு வேண்டியதெல்லாம் நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில் வீட்டைச் சுற்றியே கிடைக்கும். பெரியதிலிருந்து சிறியதற்குப் போகிறோம். முதல் நாளே பாக்டீரியாவைத் தேடி உட்கார்ந்தால் தூசியைப் பார்த்துவிட்டு எழுந்து போக வேண்டியதுதான்.

தேவையானவை

4, 10, 40, 100 மடங்கு லென்சுகள் உள்ள பள்ளிக்கூட நுண்ணோக்கி. கண்ணாடிச் சில்லுகள், மூடுசில்லுகள், சொட்டுக்குழாய், ஸ்பிரிட் விளக்கு. சாயங்களில் மெத்திலீன் நீலம், கிரிஸ்டல் வயலட், அயோடின் கரைசல், சாஃப்ரானின். 100 மடங்கு லென்சுக்கு அதற்கென்றே விற்கும் இம்மர்ஷன் எண்ணெய். தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52, தேங்காய் எண்ணெய்க்கு 1.45தான், படம் மங்கும், லென்சில் பிசுக்கும் ஏறும்.

முதலில் அளவு பிடித்துக்கொள்ளுங்கள். 4 மடங்கு லென்சின் கீழ் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து, தெரியும் வட்டத்தின் குறுக்களவை எண்ணுங்கள். 4.5 மி.மீ. என்றால், 40 மடங்கு லென்சில் அதில் பத்தில் ஒன்று, அதாவது 450 மைக்ரோமீட்டர். வட்டத்தில் பாதியை அடைக்கிற உயிர் சுமார் 225 மைக்ரோமீட்டர். அளவு தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்: ஈஸ்ட் 5 முதல் 10 மைக்ரோமீட்டர், பெரும்பாலான பாக்டீரியா 0.5 முதல் 5 வரை.

படி 1: புரோட்டோசோவா

ஒரு கைப்பிடி வைக்கோலை அரை லிட்டர் கிணற்றுத் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். குளத்தின் ஓரத்தில், அடிமண் கொஞ்சம் கலந்த தண்ணீரை 50 மில்லி சேருங்கள். வாயைத் துணியால் மூடி, வெயில் படாத இடத்தில் 5 முதல் 7 நாள் வையுங்கள். வைக்கோல் சத்தில் பாக்டீரியா பெருகும். அதைத் தின்ன, ஒரே செல்லால் ஆன பாரமீசியம் என்ற புரோட்டோசோவா பெருகும். மேலே படியும் ஏட்டுக்குச் சற்றுக் கீழிருந்து ஒரு சொட்டு எடுத்து, 10 மடங்கில் பாருங்கள்.

இதில் கெடுவது இரண்டு வழியில். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஊற்றினால் எதுவும் வளராமல் போகலாம். இறுக்கி மூடினால் காற்றில்லாமல் அழுகி நாறும். எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால் வெளிச்சம் அதிகம் என்று பொருள். இவை கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் உடம்புகள். நுண்ணோக்கி மேடைக்குக் கீழே உள்ள ஒளித் துவாரத்தைக் குறுக்கினால் விளிம்பு துலங்கும். புதியவர்கள் செய்யும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்.

ஓட்டம் அதிகமாக இருந்தால் சொட்டில் நாலைந்து பஞ்சு இழை போடுங்கள், சிக்கிக்கொள்ளும். உடம்பைச் சுற்றி அடிக்கும் குற்றிழைகள்தான் துடுப்பு. உள்ளே இரண்டு இடங்களில் ஏதோ விரிந்து விரிந்து சுருங்கும். அது சுருங்கு குமிழி. உடம்புக்குள் ஊறும் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்பு. நிமிடத்துக்கு எத்தனை முறை என்று எண்ணிவிட்டு, மிக நீர்த்த உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு சேர்த்து மறுபடி எண்ணுங்கள். வேகம் குறையும். வெளியே உப்பு கூடினால் உள்ளே நீர் ஊறுவது குறையும், இறைக்கும் வேலையும் குறையும்.

ஒரு எச்சரிக்கை. இதே குழுவில் பேசப்படும் நெக்லேரியா அமீபா தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் வாழ்வது. 2024, 2025 ஆண்டுகளில் கேரளத்தில் அமீபா மூளைக் காய்ச்சல் பலருக்கு வந்தது. நெக்லேரியா குடிப்பதால் தொற்றாது, மூக்கு வழியாகத்தான் மூளைக்கு ஏறும். தண்ணீர் எடுக்கக் குளத்தில் முங்க வேண்டாம். கரையில் நின்று கப்பில் மொள்ளுங்கள்.

படி 2: இரண்டு பாசிகள்

முடிபோன்ற குளத்துப் பாசியில் ஓர் இழையை 10 மடங்கில் பாருங்கள். பச்சை நாடா சுருள்சுருளாக ஓடினால் அது ஸ்பைரோகைரா. அயோடின் ஒரு சொட்டு விட்டால் நாடாவில் கருநீலப் புள்ளிகள் தோன்றும், அது சேமித்த மாவுச்சத்து. உட்கரு செல்லின் நடுவே மங்கலாகத் தெரியும். இது உண்மையான பாசி.

அடுத்து மாட்டுத் தீவனத்துக்கு வளர்க்கும் அசோலா. ஒரு குட்டி இலையைக் கிள்ளி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, மூடுசில்லின் மேல் பென்சில் ரப்பரால் நசுக்குங்கள். இலையின் குழிக்குள் குடியிருக்கும் அனபீனா பாசிமணிச் சரம்போல வெளியே வரும். 40 மடங்கில் பார்த்தால் சரத்தின் நடுநடுவே சற்றுப் பெரிய, வெளிறிய, தடித்த சுவருள்ள மணி இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும் செல் அதுதான். நைட்ரஜன் பிடிக்கும் நொதியை ஆக்சிஜன் கெடுத்துவிடும். அதனால் அந்தச் செல் மட்டும் ஆக்சிஜன் வெளியிடும் வேலையை விட்டுவிட்டுச் சுவரைத் தடிப்பாக்கிக்கொள்கிறது. இதில் எந்த மணியிலும் உட்கரு கிடையாது. பச்சையாக இருந்தாலும் இது பாக்டீரியாதான். சயனோபாக்டீரியா என்று பெயர்.

படி 3: பூஞ்சை

எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஆப்ப மாவில் கள்ளு சேர்ப்பார்கள். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை என்பதால் கடை ஈஸ்ட் போதும். கால் டீஸ்பூன் ஈஸ்ட், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, 100 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். கை பொறுக்கும் சூடு, 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். அரை மணி நேரம் கழித்து ஒரு சொட்டோடு நீர்த்த மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு கலந்து 40 மடங்கில் பாருங்கள். உயிருள்ள செல் சாயத்தை நிறமிழக்கச் செய்துவிடும், செத்தது நீலமாக நிற்கும். சில செல்களில் சின்ன மொட்டு முளைத்திருக்கும். அதுதான் பிள்ளைப்பேறு.

பூசணத்துக்கு ரொட்டித் துண்டோ, புகை போடாமல் ஈரத்தில் கிடந்த ரப்பர் ஷீட்டோ போதும். செல்லோடேப்பை லேசாக ஒற்றி எடுத்து, முதலில் ஒரு சொட்டு ஸ்பிரிட், பிறகு சாயம் விட்ட சில்லில் ஒட்டுங்கள். ஸ்பிரிட் விடாவிட்டால் வித்துகளைச் சுற்றிக் காற்றுக்குமிழி நிற்கும், அதையே உயிர் என்று வரைந்துவிடுவோம். தலை உருண்டைப் பைபோல இருந்தால் ரைசோபஸ். விளக்குமாறுபோல விரிந்தால் பெனிசிலியம். உருண்டை நுனியிலிருந்து எல்லாப் பக்கமும் மணிச்சரம் புறப்பட்டால் அஸ்பெர்ஜில்லஸ். கொப்பரையில் வரும் மஞ்சட்பச்சைப் பூசணத்தை முகர்ந்து பார்க்காதீர்கள். அஃப்ளாடாக்சின் நஞ்சு செய்யும் இனம் அதில் இருக்கலாம்.

பூஞ்சைச் சுவரில் கைட்டின் உண்டு. ரப்பர் தோட்டத்தில் தென்மேற்குப் பருவமழையில் இலையைக் கொட்டவைக்கும் பைட்டோப்தோரா பூஞ்சைபோலவே இழை விடும். ஆனால் அதன் சுவர் பெரும்பாலும் குளுக்கன், செல்லுலோஸ். எர்கோஸ்டெரால் என்ற பொருள் உருவாவதைத் தடுத்துப் பூஞ்சையைக் கொல்லும் மருந்துகள் அதைத் தொடாது, அந்தப் பொருளையே அது செய்வதில்லை. மழைக்கு முன், செம்பு உப்பும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிப்பது வேலை செய்கிறது. செம்புக்கு இந்தச் சுவர் வேறுபாடு பொருட்டில்லை.

படி 4: பாக்டீரியா, தயிரிலிருந்து

தயிரின் தெளிநீர் ஒரு சொட்டு, தண்ணீர் பத்துச் சொட்டு. இதில் ஒரு துளியைச் சில்லில் மெல்லப் பரப்பி, காற்றில் உலரவிட்டு, விளக்குச் சுடரின் மேல் மூன்று முறை சட்டென்று கடத்துங்கள். புறங்கையில் வைத்தால் சூடு பொறுக்க வேண்டும். அதற்கு மேல் சுட்டால் செல் கருகி உருக்குலையும். கொழுப்பை நீக்க ஸ்பிரிட் விட்டு ஒருமுறை அலசி உலர்த்துங்கள்.

இப்போது 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் மருத்துவர் வெளியிட்ட முறை. கிரிஸ்டல் வயலட் 1 நிமிடம், கழுவுதல். அயோடின் 1 நிமிடம், கழுவுதல். ஸ்பிரிட் 10 முதல் 15 விநாடி, உடனே கழுவுதல். சாஃப்ரானின் 1 நிமிடம், கழுவி ஒற்றி உலர்த்துதல். எண்ணெய் விட்டு 100 மடங்கில் பாருங்கள்.

குச்சிகளும் மணிச்சரங்களும் ஊதாவாகத் தெரிய வேண்டும். தயிர்ப் பாக்டீரியாவுக்குப் பெப்டிடோகிளைக்கான் என்ற பொருளாலான சுவர் தடிப்பு. சாயமும் அயோடினும் உள்ளே கட்டியாகிச் சிக்கிக்கொள்ளும். சுவர் மெலிந்து, வெளியே இன்னொரு சவ்வும் உள்ள பாக்டீரியாவில் ஸ்பிரிட் அதைக் கழுவிவிடும். சாஃப்ரானின் ஏறி இளஞ்சிவப்பாகும். உங்கள் தயிர் சிவப்பாக வந்தால் ஸ்பிரிட்டை அதிக நேரம் விட்டிருப்பீர்கள், அல்லது தயிர் நாள்பட்டுப் புளித்தது. எல்லாமே கரும் ஊதாத் திட்டாக இருந்தால் பூச்சு தடிமன். முதல் தடவையில் சரியாக வருவது அபூர்வம். நான்கு சில்லு தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கதம்பையை (தேங்காயின் நார் மட்டையை) ஊறப்போட்டு நாரைப் பிரிப்பதும் பாக்டீரியாதான். நாரை ஒட்டியிருக்கும் பெக்டினைத் தின்றுவிட்டு நாரை விட்டுவைக்கும்.

படி 5: பார்த்தும் தெரியாதவை, பார்க்கவே முடியாதவை

சாண எரிவாயுத் தொட்டியில் மீத்தேன் செய்வது ஆர்க்கியா. நுண்ணோக்கியில் பாக்டீரியா மாதிரியே இருக்கும், பெப்டிடோகிளைக்கான் கிடையாது, சவ்வின் கொழுப்பும் வேறு வகை. மரபுப்பொருளை ஒப்பிட்ட பிறகுதான், 1977இல், தனிக் குழு என்று தெரிந்தது. உப்பளத்தில் கெட்டித்த உப்புநீர் சிவப்பதற்கும் இதன் உறவினர்கள் ஒரு காரணம்.

தென்னை வேர் வாடலுக்குக் காரணமான பைட்டோபிளாஸ்மா, சுவரே இல்லாத பாக்டீரியா. சுவர் கட்டுவதைத் தடுக்கும் பெனிசிலினுக்கு அங்கே வேலையில்லை.

வாழை முடிக்கொத்து வைரஸ் சுமார் 20 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 50,000 துகள் அடுக்கலாம். ஒளி நுண்ணோக்கி 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. சாயத்தை மாற்றி முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். செல் கிடையாது, மரபுப்பொருளும் புரத உறையும் மட்டுமே. இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடும் புள்ளியும், குருத்தில் குறுகி நெருங்கிய இலைகளும் இருக்கிறதா என்று வாழையிடமே பாருங்கள். ஏத்தன் வாழைத் தோட்டத்தில் இதைப் பரப்புவது கறுப்பு அசுவினி.

முடித்ததும் சில்லுகளை, ஒரு பங்கு பிளீச்சிங் திரவமும் ஒன்பது பங்கு தண்ணீரும் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். அந்தப் பாத்திரத்தில் ஸ்பிரிட்டை ஊற்றாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் நச்சுப்பொருள் உண்டாகும். லென்சிலுள்ள எண்ணெயை லென்ஸ் தாளால் ஒற்றி எடுங்கள். வேட்டித் துணியால் தேய்த்தால் கீறல் விழும்.