தனியார் பொறியியல் கல்லூரி: பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில் படிக்கும் இருவர் கட்டும் தொகை வேறு வேறாக இருக்கும். எந்த வழியில் சேர்ந்தார்கள் என்பதே காரணம். குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் படிப்பவருக்கு அரசு தரும் முதல் பட்டதாரி சலுகை, அரசு கவுன்சிலிங்கில் இடம் பெற்றவர்களுக்கு மட்டுமே. கல்லூரி நிர்வாகமே நிரப்பும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் முன்பணம் கட்டிவிட்டு, "பிறகு சான்றிதழ் கொடுத்தால் குறைத்துவிடுவார்கள்" என்று நம்பாதீர்கள், குறையாது.

பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவை மையத்தில் வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். முதல் பட்டதாரிச் சான்றுக்குத் தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. அண்ணனோ அக்காளோ ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்தாலும் கிடைக்காது. ஆதார், மாற்றுச் சான்றிதழ், ரேஷன் கார்டு மூன்றிலும் இனிஷியலும் எழுத்துக்கூட்டும் ஒத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இவை ஒத்துவராவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரலாம்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்கள் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிச் செலவையும் அரசே ஏற்கும். மற்றவர்களுக்கு முதல் பட்டதாரி சலுகை கல்விக் கட்டணத்தில் மட்டும்தான். பஸ், மெஸ் தனி. ஆகவே நான்கு ஆண்டுக்கும் தலைப்பு வாரியாகக் கட்டண விவரத்தைக் கல்லூரி முத்திரையோடு எழுத்தில் வாங்குங்கள். வங்கியும் அதைத்தான் கேட்கும். ரசீது இல்லாமல் கொடுத்த பணத்தை எந்த வங்கியும் கடன் கணக்கில் சேர்க்காது.

கடனுக்கு வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். வங்கிகளின் பொதுவான கல்விக்கடன் திட்டப்படி 4 லட்சம் வரை கைப்பணம் போட வேண்டியதில்லை; 7.5 லட்சம் வரை சொத்து அடமானமும் தேவையில்லை. வங்கி மேலாளர் சொத்துப் பத்திரம் கேட்டு, அது இல்லாமல் கடன் தர மறுத்தால், அந்த மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

படிக்கும்போது தவணை இல்லை, ஆனால் வட்டி ஓடும். ஆண்டுக்கு 1 லட்சமாக நான்கு முறை, 10 சதவீதத் தனிவட்டியில் வாங்கினால், படிப்பு நான்கு ஆண்டு, படிப்பு முடிந்து தவணை தொடங்கும் முன் ஓராண்டு சேர்த்து வட்டி மட்டும் 1.4 லட்சம். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் வட்டி மானியம் கேட்க வழி உண்டு. கல்லூரிக்கு நாக் (NAAC) தர அங்கீகாரமோ பாடப்பிரிவுக்கு என்பிஏ (NBA) தர அங்கீகாரமோ இருக்கிறதா என்று சேரும் முன்பே பாருங்கள். இல்லையென்றால் அந்த மானியம் கைக்கு வராது. வருமானச் சான்றை முதல் தவணை விடுவிக்கும்போதே வங்கியில் கொடுத்துவிடுங்கள்.