சிக்கிம் மாவட்டக் கணக்கு: நான்கு ஆறானபோது தொடங்கிய தவறுகள்

சிக்கிம் பற்றிய மாவட்டவாரி அட்டவணை கைக்கு வந்தால் முதலில் 2021-ல் உருவான பாக்யோங் மாவட்டத்தின் வரியைப் பாருங்கள். மக்கள்தொகைக் கட்டம் காலியாகக் கிடந்தால், அதே அட்டவணையில் கேங்டாக்குக்கு நேரே, பழைய கிழக்கு மாவட்டம் முழுவதன் எண்ணான 2,83,583 இருக்கும். பந்தயமே கட்டலாம். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் வரிசையாக இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். எழுத்துப்பிழை, கூட்டல் பிழையெல்லாம் சரிபார்க்கும்போது தானாகச் சிக்கிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுவோம்.

கிழக்கு மாவட்டம்தான் கேங்டாக் என்று நினைப்பது

1975-ல் இந்தியாவின் 22-வது மாநிலமான சிக்கிமில் நெடுங்காலம் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என நான்கே மாவட்டங்கள். 2021 டிசம்பரில் அவை ஆறாகின. வடக்கு மங்கன் ஆனது, தெற்கு நாம்ச்சி ஆனது. இந்த இரண்டிலும் பெயரை மாற்றி எழுதினால் போதும். கிழக்கிலிருந்து பாக்யோங்கும் மேற்கிலிருந்து சோரெங்கும் பிரிந்தன. மிஞ்சிய பகுதிகளுக்குத்தான் கேங்டாக், கியால்ஷிங் என்று பெயர்.

தவறு ஒளிந்திருப்பது இங்கேதான். பழைய பெயரை நீக்கிப் புதியதைப் போடும் வழி பாதி மாநிலத்துக்குச் சரியாக வந்துவிடுகிறது. மங்கன் 43,709, நாம்ச்சி 1,46,850 என்று 2011 கணக்கெடுப்பின் எண்கள் அழகாக உட்கார்ந்ததும், அதே சூத்திரத்தைக் கீழே இழுத்துவிடுகிறார்கள். கேங்டாக்குக்கு 2,83,583-உம் கியால்ஷிங்குக்கு 1,36,435-உம் விழுகின்றன. மொத்தம் 6,10,577 என்று மாநிலக் கணக்கோடு கச்சிதமாகப் பொருந்துவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கூட்டுத்தொகை சரியாக இருப்பதே இங்கே ஏமாற்று.

விளைவு எங்கே தெரியும்? ஒரு நலத்திட்டப் பயனாளிகளின் எண்ணிக்கையை 2023-க்கு எடுக்கிறீர்கள். அது புதிய, சுருங்கிய கேங்டாக்கின் எண்ணிக்கை. அதைப் பழைய கிழக்கு மாவட்டம் முழுவதன் மக்கள்தொகையால் வகுத்தால், தலைநகர் இருக்கும் மாவட்டம் திட்டத்தில் பின்தங்கியதாகத் தெரியும். அடர்த்தியில் இது தலைகீழாகும்: பழைய மக்கள்தொகையைப் புதிய வரைபடத்தின் பரப்பால் வகுத்தால் கேங்டாக் திடீரென நெரிசலாகிவிடும். கிழக்கின் உண்மையான 2011 அடர்த்தி, 954 சதுர கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால், ச.கி.மீ.க்கு 297 பேர். ஆண்டுவாரி வரைபடத்தில் 2021-க்குப் பின் ஒரு செங்குத்துச் சரிவு விழும். அதற்குக் கொரோனாவைக் காரணம் காட்டி ஒரு பத்தியும் எழுதிவிடுவார்கள். எரிச்சலே அந்தப் பத்தியைப் படிக்கும்போதுதான்.

சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. 2021-க்கு முன்னும் பின்னும் ஒப்பிடுவதாக இருந்தால் ஆறை நான்காக மடக்குங்கள்: கேங்டாக்கோடு பாக்யோங்கைக் கூட்டினால் கிழக்கு, கியால்ஷிங்கோடு சோரெங்கைக் கூட்டினால் மேற்கு. மடக்கும்போது சதவீதங்களைக் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது. பயனாளிகளைத் தனியாகவும் மக்கள்தொகையைத் தனியாகவும் கூட்டிவிட்டு, கடைசியில் ஒருமுறை வகுக்க வேண்டும்.

ஆறு மாவட்டமாகவே வேண்டும் என்றால் 2011-ன் உட்கோட்ட (மாவட்டத்துக்கு அடுத்த கீழ்ப் பிரிவு) அட்டவணைக்கு இறங்குங்கள். கிழக்கில் கேங்டாக், பாக்யோங், ரோங்லி என மூன்று. மேற்கில் கியால்ஷிங், சோரெங் என இரண்டு. பாக்யோங் மாவட்டத்துக்குப் பாக்யோங், ரோங்லி உட்கோட்டங்களைக் கூட்டித் தொடங்கலாம். அதோடு நிறுத்திவிடாமல், மாவட்டத்தின் இன்றைய கிராமப் பஞ்சாயத்துப் பட்டியலோடு ஒப்பிட்டு, இடம் மாறிய ஊர் ஏதாவது உண்டா என்று பார்த்துவிடுங்கள். உட்கோட்டங்களின் கூட்டுத்தொகை 2,83,583-க்கும் 1,36,435-க்கும் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஊர் இரண்டு பக்கமும் எண்ணப்பட்டிருக்கிறது, அல்லது விடுபட்டிருக்கிறது.

பரப்பளவு விகிதத்தில் மக்களைப் பிரித்துப் போடுவது மூன்றாவது வழி என்று சிலர் சொல்வார்கள். மலையில் அது செல்லாது. பாக்யோங்கிலேயே ரங்போ போன்ற பள்ளத்தாக்கு ஊரில் நெருக்கமாக வீடுகள். மேலே ஸுலுக் பக்கம் போனால் அங்கொன்றும் இங்கொன்றும். ஒரே மாவட்டம், ஒரே விகிதம் பொருந்தாது.

2021-22 நிதியாண்டுக் கோப்பில் கூடுதல் கவனம் வேண்டும். முதல் எட்டு மாதம் நான்கு மாவட்டங்கள், பிறகு ஆறு. ஒரே கோப்பில் கிழக்கும் கேங்டாக்கும் தனித்தனி வரியாக வந்தால் ஒன்றை நீக்கிவிடாதீர்கள். அவை எந்தெந்த மாதத்துக்கானவை என்று கேளுங்கள்.

‘நான்கு மாவட்டங்களில் பாதிப்பு’ என்றால் மாநிலம் முழுவதும் அல்ல

2023 அக்டோபர் 4 அன்று தெற்கு லோனாக் பனி ஏரி உடைந்து, தீஸ்தாவில் வெள்ளம் பாய்ந்து சுங்தாங் அணையை அடித்துச் சென்றது. பாதிக்கப்பட்டவை மங்கன், கேங்டாக், பாக்யோங், நாம்ச்சி என நான்கு மாவட்டங்கள். ‘சிக்கிமில் நான்கு மாவட்டங்கள்’ என்று பழைய பாடத்தை மனதில் வைத்திருப்பவர் இதை மாநிலம் முழுக்க என்று படித்துவிடுகிறார். பழைய கணக்கில் இது மூன்று மாவட்டம்தான். மேற்கு இதில் இல்லை.

பழைய நிகழ்வுகளுக்கு அன்றைய பெயரையே எழுதுங்கள். பாக்யோங் விமான நிலையம் 2018-ல் திறக்கப்பட்டபோது அது கிழக்கு மாவட்டத்தில் இருந்தது.

பெயரை வைத்து இணைப்பது

கியால்ஷிங், கேசிங் இரண்டும் ஓர் ஊர். ரவாங்லா, ரவோங், ரபோங் மூன்றும் இன்னோர் ஊர். ஒரே இடத்துக்கு ஆவணத்துக்கு ஆவணம் எழுத்து மாறும். குறியீட்டை வைத்து இணையுங்கள். 2011 கணக்கெடுப்பில் வடக்கு 241, மேற்கு 242, தெற்கு 243, கிழக்கு 244. பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் எல்ஜிடி (உள்ளாட்சி அமைப்புகளின் பட்டியல்) குறியீடு வேறு வரிசை. இரண்டையும் ஒரே நெடுவரிசையில் கலக்காதீர்கள். உட்கோட்டக் குறியீடு ஐந்து இலக்கம், சிக்கிமுக்குப் பூஜ்யத்தில் தொடங்கும். கோப்பைத் திறப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று வைக்காவிட்டால் எக்ஸெல் பூஜ்யத்தை விழுங்கிவிடும்.

வரைபடத்தில் மங்கனை வண்ணமடித்துக் காட்டுவது

மாநிலப் பரப்பான 7,096 ச.கி.மீ.யில் அதன் பங்கு 4,226. மக்களில் 7 சதவீதம். படத்தில் கண்ணை நிறைப்பது பெரும்பாலும் ஆளில்லாத பனிமலை. வண்ணத்துக்குப் பதிலாக, எண்ணிக்கைக்கேற்ற அளவில் வட்டம் போடுங்கள்.

32 சட்டமன்றத் தொகுதிகளையும் மாவட்டத்தில் அடைப்பது

31-தான் வரும். சங்கத் தொகுதிக்கு நிலமே கிடையாது. மடாலயத் துறவிகள் வாக்களிக்கும் இடம் அது. ‘மாநிலம் முழுமைக்கும்’ என்று தனி வரி கொடுங்கள்.