வேலூரில் சர்க்கரை நோய், உடல் பருமன் மையம்: எங்கெல்லாம் சறுக்கும்?

சர்க்கரை நோய்க்கும் உடல் பருமனுக்கும் சிகிச்சையும் ஆராய்ச்சியும் சேர்ந்த ஒரு மையத்தைப் பல்கலைக்கழகம் ஒன்று தொடங்க நினைத்தால், வேலூரைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது கஷ்டம். சி.எம்.சி. எனும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி, காட்பாடியில் வி.ஐ.டி., சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். நோய்க்கும் பஞ்சமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானபோது, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலை என்று கணக்குச் சொன்னது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல்.

எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால்தான் பயமாகவும் இருக்கிறது. இங்கே யார் நோயாளி, அவருக்கு என்ன தேவை என்று கேட்பதற்கு முன்பே கட்டடத்தின் வரைபடம் தயாராகிவிடும்.

குண்டானவருக்குத்தான் சுகர் வரும் என்று நினைப்பது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். வெளிநாட்டு மையங்களின் திட்ட அறிக்கையை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினால், எடை கூடினால் சுகர் வரும், எடையைக் குறைத்தால் சுகர் அடங்கும் என்ற ஒரே கணக்கில்தான் மையம் நடக்கும். பலருக்கு அது சரிதான். ஆனால் வட ஆற்காடு பக்கம் எலும்பும் தோலுமாக வந்து நிற்கும் சுகர் நோயாளிகளும் உண்டு. சிறுவயதில் சரியான சாப்பாடு இல்லாமல் வளர்ந்தவர்கள்.

இந்த வகையை உலக சுகாதார நிறுவனம் 1985-ல் தனி வகையாகவே பட்டியலிட்டது. 1999-ல் போதிய ஆதாரம் இல்லை என்று நீக்கிவிட்டது. பிறகு சி.எம்.சி.யின் மருத்துவர்கள் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்து செய்த ஆய்வு 2022-ல் வெளியானது. இவர்களின் உடல் இன்சுலினை எதிர்ப்பதில்லை, கணையத்தில் இன்சுலின் சுரப்பதே குறைவு, கல்லீரலிலும் கொழுப்பு குறைவு என்று அது காட்டியது. 2025-ல் பாங்காக்கில் கூடிய சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு இதை ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்டது. இத்தனைக்கும் காரணமான நோயாளிகளில் பலர் நம் ஊர்க்காரர்கள்.

இப்போது அணைக்கட்டு பக்கத்துக் கூலித் தொழிலாளி ஒருவர், நாற்பத்தைந்து கிலோ எடையோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையிலும் ‘சோற்றைக் குறைங்க, தினமும் நடங்க’ என்ற அதே அச்சடித்த தாளைக் கொடுத்தால் எப்படி? நாள் முழுக்க மண் சுமப்பவர் இன்னும் எங்கே நடப்பது? அவருக்கு வேண்டியது கூடுதல் சாப்பாடு, பருப்பு, முட்டை. இன்சுலினும் அளவு பார்த்துத்தான். கொஞ்சம் கூடினாலும் சுகர் தாழ்ந்து மயங்கி விழுந்துவிடுவார். மையத்தின் பெயரில் ‘உடல் பருமன்’ இருக்கட்டும், தப்பில்லை. பதிவுச் சீட்டில் மட்டும் ‘சிறுவயதில் சாப்பாடு எப்படி’ என்று ஒரு வரி இருந்தாக வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. வெள்ளைக்காரர்களுக்குப் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 30 தாண்டினால்தான் உடல் பருமன். நமக்கு 25-லேயே கணக்கு தொடங்கிவிடுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்பது நம் எல்லை. கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் முன்னாலும் இருப்பவரை எடை மெஷின் பிடிக்காது, பத்து ரூபாய் டேப் பிடித்துவிடும்.

பரிசோதனை எண்ணை நம்பி ஆளை விடுவது

ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. நல்ல பரிசோதனைதான். ஆனால் இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகை இருந்தால் அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். நம் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூடவே ஹீமோகுளோபினையும் பார்க்காத லேப், தேவையில்லாத மாத்திரைக்கு வழி செய்கிறது.

வெற்றியை அளப்பதிலும் இதே சிக்கல். ‘மொத்தம் இத்தனை கிலோ குறைத்தோம்’ என்று வாசலில் போர்டு வைக்கும் ஆசை எந்த மையத்துக்கும் வரும். சென்னையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் உடலுழைப்பையும் மாற்றியவர்களுக்குச் சுகர் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. ஆனால் அவர்கள் எடை பெரிதாக இறங்கவே இல்லை. கிலோவை மட்டும் எண்ணியிருந்தால் அந்த ஆய்வையே தோல்வி என்று மூடியிருப்பார்கள்.

பாதத்தை மறப்பது

எனக்கு அதிகம் கோபம் வரும் இடம் இது. மையம் என்றால் ஸ்கேன் வரும், ஜீன் ஆராய்ச்சி லேப் வரும், கருத்தரங்கக் கூடம் கட்டாயம் வரும். பாதம் பார்க்க ஓர் அறை வராது. புண் வந்தபின் சர்ஜரிக்கு அனுப்புவார்கள், அங்கே விரலை எடுப்பார்கள்.

இதை வேலூரில் செய்வது கூடுதல் அநியாயம். 1946-ல் இங்கே வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் அழுகுவதற்குக் காரணம் உணர்ச்சி போவதுதான், வலி தெரியாமல் அவர்கள் அதே புண்ணின்மேல் நடக்கிறார்கள் என்று காட்டியவர். மெத்தென்ற ரப்பர் செருப்பு, பாதத்தின் அழுத்தத்தைப் பரப்பும் மாவுக்கட்டு என்று அந்தப் பணியிலிருந்து வளர்ந்தவைதான் பிறகு உலகமெங்கும், அதேபோல் கால் உணர்ச்சி மங்கும் சர்க்கரை நோயாளிகளைக் காப்பாற்றின. கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் அந்த அனுபவம் இன்னும் இருக்கிறது. செருப்புத் தொழிலுக்கு ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்திலேயே. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் நைலான் இழைக்கு ஆகும் செலவு சொற்பம். ஓர் அறை, பழகிய நர்ஸ் ஒருவர், செருப்பு தைப்பவர் ஒருவர். கருத்தரங்கக் கூடத்தை அடுத்த வருடம் கட்டிக்கொள்ளலாம்.

வெளியூர்க் கூட்டத்தை மட்டும் பார்ப்பது

வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கிருந்தோ நோயாளிகள் வேலூருக்கு ரயிலேறி வருகிறார்கள். ஓ.பி. நிரம்பிவிடும், ஆராய்ச்சிக்கு ரத்த மாதிரியும் கிடைத்துவிடும். ஆனால் ஊர் திரும்பியவர் ஆறு மாதம் கழித்து வருவாரா? சர்க்கரை நோய் ஆராய்ச்சியில் உயிர்நாடியே திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான். வேலூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 1969 முதல் 1973 வரை பிறந்த குழந்தைகளைப் பதிவு செய்து, அவர்கள் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்த ஆய்வு உலக அளவில் பேசப்படுவது அதனால்தான். மூன்று வருடப் புராஜெக்டில் அது நடக்காது.

உள்ளூர் நோயாளி பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறார். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் வழியாக வீட்டுக்கே மாத்திரை போகிறது. மையம் அவரை ஒருமுறை வரவழைத்து, அங்கே கிடைக்காத விலை உயர்ந்த மாத்திரையை எழுதி அனுப்பினால், அடுத்த மாதம் அவர் எதையுமே போடமாட்டார். சுகாதார நிலையத்து மருத்துவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுங்கள், தமிழில் என்றால் இன்னும் நல்லது. கே.வி.குப்பம் வட்டாரத்தில் சி.எம்.சி.யின் கிராம சுகாதாரப் பிரிவான ரூஷா 1977 முதல் கிராமங்களில் வேலை செய்கிறது. அதைப் போய்ப் பார்க்காமல் ‘சமூகப் பிரிவு’ என்று பெயர்ப்பலகை எழுதுவதில் அர்த்தமில்லை.

அப்புறம் டயட் சார்ட். ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய் எல்லாம் ரேஷன் அரிசி வாங்கும் வீட்டில் நடக்காது. சோற்றுக்குப் பதில் களி என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் ஆபத்து. பெரிய உருண்டையாகப் போட்டால் அதுவும் சுகரை ஏற்றத்தான் செய்யும். பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தில் உருதுவிலும், ஆந்திர எல்லையோரம் தெலுங்கிலும் பேச ஆள் வேண்டும். ரம்ஜான் நோன்புக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மாத்திரை, ஊசி நேரத்தை மாற்றிச் சொல்ல வேண்டும். நோன்பு தொடங்கிய பிறகு ‘வைக்காதீங்க’ என்றால் யாரும் கேட்கப் போவதில்லை.

எடை கூடியவர்களை அவமானப்படுத்தாமல் இருப்பதற்கும் கட்டடத்திலேயே இடம் வேண்டும். வராந்தாவில் நிறுத்தி எடையைச் சத்தமாகச் சொன்னால் அவர் மறுபடி வரமாட்டார். கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலி, பெரிய அளவு பி.பி. பட்டை வாங்கி வையுங்கள். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் பி.பி. பொய்யாகக் கூடிக் காட்டும்.

எடை குறைக்கும் ஊசிகள் இப்போது பெரிய வியாபாரம். நிறுத்தினால் பலருக்கு எடை திரும்பிவிடுகிறது என்பதை ஊசி போடும் முன்பே சொல்ல வேண்டும். தயாரிக்கும் கம்பெனியின் காசில் விழிப்புணர்வு முகாம் நடத்தும் மையம் அதைச் சொல்லுமா என்பது சந்தேகம்தான்.

அனுமதி விஷயத்தில் அவசரம் வேண்டாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில். சிகிச்சை ஆய்வென்றால் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும். வெளிநாட்டுப் பணமோ கூட்டாளியோ வந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவும் உண்டு. அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்று அட்டவணையிலேயே இடம் விடுங்கள்.

கடைசியாகச் சம்பளம். டயட்டீஷியன், பாதம் பார்க்கும் நர்ஸ், நோயாளிகளின் பதிவேட்டைப் பார்த்துக்கொள்பவர் ஆகிய மூவரையும் புராஜெக்ட் பணத்தில் ஒப்பந்தத்துக்கு எடுத்தால், பணம் முடியும் நாளில் கிளம்பிவிடுவார்கள். நோயாளிக்குப் பழகிய முகமும் போகும், வருடக்கணக்கில் சேர்த்த விவரமும் யாருக்கும் புரியாத எக்செல் ஃபைலாகக் கிடக்கும். பல்கலைக்கழகம் நிரந்தரப் பணியிடம் தருவதாக எழுதிக் கொடுத்த பிறகு அடிக்கல் விழாவுக்குத் தேதி குறிக்கலாம்.