ஆன்டிபாடி ஊசியும் இதயமும்: எக்கோ விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

பாம்பன் சின்னப்பாலத்தில் இருக்கும் என் மதினிக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ முடிந்து, 21 நாளுக்கு ஒருமுறை டிராஸ்டுசுமாப் ஊசி போட மதுரைக்குக் கூட்டிப் போவேன். முடி கொட்டாது, வாந்தி அவ்வளவாக இருக்காது என்றார்கள். அன்றே எங்கள் மனதில் ஒரு தவறு விழுந்தது: இது கீமோ இல்லை, ஆகவே உடம்பை ஒன்றும் செய்யாது.

டிராஸ்டுசுமாப் ஒரு ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒரு இலக்கில் போய் ஒட்டும்படி செய்த புரத மருந்து. புற்றுநோய்ச் செல்லின் மேல் இருக்கும் ஹெர்-2 என்ற புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கிறது. அதே ஹெர்-2 இதயத் தசைச் செல்களிலும் கொஞ்சம் இருக்கிறது. இதயம் களைத்த செல்களைச் சரிசெய்துகொள்ள அதைப் பயன்படுத்துகிறது. கீமோவில் கொடுக்கும் டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்து ஏற்கெனவே இதயத்தைக் காயப்படுத்தியிருந்தால், ஆறும் வழியையும் இந்த ஊசி அடைத்துவிடும். 2001-இல் வெளியான முதல் பெரிய ஆய்வில், அந்த வகை மருந்தையும் டிராஸ்டுசுமாபையும் சேர்த்தே கொடுத்தவர்களில் 100-க்கு 27 பேருக்கு இதயத்தில் பாதிப்பு தெரிந்தது. டிராஸ்டுசுமாப் சேர்க்காதவர்களில் அது 8. இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுப்பதை மருத்துவர்கள் தவிர்ப்பதற்கும், ஊசிக்கு முன்பே எக்கோ என்ற இதய ஸ்கேன் கேட்பதற்கும் இதுதான் காரணம்.

அடுத்த தவறு, ஈசிஜி எடுத்தாகிவிட்டதே, எக்கோ எதற்கு என்பது. ஈசிஜி இதயத்தின் மின்துடிப்பைக் காட்டும். தசை எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்பதை எக்கோதான் காட்டும். இந்த ஊசியில் நாம் பயப்படுவது தள்ளும் பலம் குறைவதைப் பற்றி. சாதாரண மாத்திரைகள் பலவற்றை இதயத்தின் மின்பாதையைக் கெடுக்குமா என்று முதலில் சோதிப்பார்கள். ஆன்டிபாடி பெரிய மூலக்கூறு. மின்பாதையின் சிறு துளைகளுக்குள் அது நேரடியாகப் போய் அடைப்பது அரிது. புதிய ஆன்டிபாடியைச் சோதிப்பவர்கள் முக்கியமாகக் கேட்பது, அது தேடிப்போகும் புரதம் இதயத்திலும் இருக்கிறதா என்பதைத்தான். அதற்கு எலியை மட்டும் நம்பவும் முடியாது. டிராஸ்டுசுமாப் எலியின் ஹெர்-2-இல் ஒட்டுவதே இல்லை.

இனி நான் அதிகம் சொல்ல நினைப்பது. எக்கோ தாளில் ‘நார்மல்’ என்று போட்டிருந்தால் மடித்துப் பையில் வைத்துவிடுகிறோம். பார்க்க வேண்டியது இ.எஃப். என்ற எண்ணை. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை நூற்றுக்கு எத்தனை பங்கு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதே அது. மதினிக்கு ஊசி தொடங்குமுன் 68. மூன்றாம் மாதம் 51. எடுத்த இடத்தில் 50-க்கு மேல் இருந்தால் நார்மல், அதனால் தாளிலும் நார்மல். ஆனால் அவருடைய பழைய எண்ணிலிருந்து 17 புள்ளி இறங்கியிருந்தது. 16 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் ஊசியை நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி. நார்மலுக்குக் கீழே போய்விட்டால் 10 புள்ளி இறங்கினாலே போதும். பழைய தாளைக் கொண்டுபோகாமல் இருந்திருந்தால் அன்றைக்கும் ஊசி போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருப்போம்.

சும்மா இடம் மாற்றி எடுத்தாலே எண் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. சாதாரண 2டி எக்கோவில் அளவு 10 புள்ளி வரை முன்பின் ஆகலாம். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுங்கள். கண்ணளவில் ‘60’ என்று எழுதிக் கொடுத்தால், அளந்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். எக்கோவிலேயே ‘ஸ்ட்ரெயின்’, அதாவது இதயத் தசை எவ்வளவு சுருங்குகிறது என்ற அளவும் பார்க்க வசதி இருந்தால் நல்லது. இ.எஃப். இறங்குவதற்கு முன்பே தசையின் சோர்வு அதில் தெரிய வாய்ப்புண்டு.

ஊசி போடும் காலம் முழுக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ. நம் கரையில் அது ஏப்ரல் 15-க்குப் பிறகு வந்தால், மீன்பிடித் தடைக்காலம், கையில் காசு இல்லை, ஆனியில் எடுக்கலாம் என்று தள்ளிப்போகிறது. மதுரை 150 கிலோமீட்டருக்கு மேல், அந்த அலைச்சல் எனக்கும் தெரியும். தள்ளிப்போடுவதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தள்ளிப்போடுங்கள்.

மதினிக்குக் கரையில் பாசி காயப்போட்டு அள்ளும்போதே மூச்சு வாங்கியது. ‘ஊசியோட அசதி’ என்று நாங்களே பெயர் வைத்துவிட்டோம். மூச்சு வாங்குவது, படுத்தால் இருமல், இரண்டு தலையணை தேவைப்படுவது, கால் வீக்கம், ஒரு வாரத்தில் எடை கூடுவது: இவற்றை அசதிக் கணக்கில் சேர்க்காதீர்கள். இதயம் தளர்ந்திருக்கும்போது தினமும் கருவாட்டுக் குழம்பும் வேண்டாம், அந்த உப்பு நீரைப் பிடித்துவைக்கும்.

எண் இறங்கியதும் “நிறுத்தியிரலாமா தம்பி?” என்று மதினி கேட்டார். நாமாகவே ஒரேயடியாக நிறுத்திவிடுவதும் தவறு. சிவப்பு மருந்தின் சேதம் போலன்றி, இந்த ஊசியால் வரும் தளர்ச்சி பெரும்பாலும் திரும்பச் சரியாகக்கூடியது. இதய மாத்திரை கொடுத்து ஒரு மாதம் பொறுத்தார்கள். எண் 60-க்கு ஏறியது, ஊசி தொடர்ந்தது.

நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற வேறு வகைப் புற்றுநோய் ஆன்டிபாடிகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவை நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடுபவை. அது திரும்பி இதயத்தையே தாக்கினால் இதயத் தசை அழற்சி வரும். சுமார் 100 பேரில் ஒருவருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்து. இதில் எக்கோ நார்மலாகவே இருக்கலாம். ஈசிஜியும், இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையும்தான் காட்டிக்கொடுக்கும். நெஞ்சுவலி, படபடப்பு, கூடவே தசைவலி, இமை தொங்குவது, பார்வை இரண்டாகத் தெரிவது என்று வந்தால், ‘வாயு’ என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். பக்கத்து மருத்துவமனைக்குப் போனதும் முதல் வார்த்தையாக ஊசியின் பெயரைச் சொல்லுங்கள். அங்கிருப்பவர் அதை ஊகிக்க முடியாது.

ஊசி முடிந்த பிறகும் குறைந்தது இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்கோ உண்டு. மதினியின் பர்ஸில் ஒரு தாள் இருக்கிறது: மருந்தின் பெயர், கடைசி ஊசித் தேதி, அதற்குக் கீழே வரிசையாக ஏழு இ.எஃப். எண்கள். எட்டாவதை எடுக்கத் தை மாதம் போகிறோம்.