மரவள்ளி மாவுப்பூச்சியைக் குளவியைக் கொண்டு அடக்கும் முறை

சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களில் மரவள்ளி பயிரிடுவோருக்கும், அவர்களுக்கு வழிகாட்டும் உழவர் குழுக்களுக்கும், களப் பணியாளர்களுக்கும் இந்தக் குறிப்புகள் பயன்படும். 2020-ஆம் ஆண்டில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, விரைவிலேயே தமிழ்நாட்டின் ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு தரும் வயல்களுக்கும் வந்து சேர்ந்தது. அதன் உடலுக்குள் முட்டையிட்டு அதை அடக்கும் ஒட்டுண்ணிக் குளவி இன்று நம் நாட்டில் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டுப் பெறுவதும், வயலில் சாகாமல் காப்பதும் உழவரின் கையில்தான் உள்ளன.

இந்தக் குளவி எவ்வளவு தொலைவு கடந்து வந்தது என்பதை அறிந்தவர்கள் அதை அலட்சியமாகக் கையாள மாட்டார்கள். தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்த மாவுப்பூச்சி 1970-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, கோடிக்கணக்கான மக்களின் அன்றாட உணவான மரவள்ளியை அழிக்கத் தொடங்கியது. அதன் இயற்கை எதிரியைத் தேடிச் சென்றவர்கள் 1981-இல் பராகுவே நாட்டில் அனகைரஸ் லோபெசி என்னும் மிகச் சிறிய குளவியைக் கண்டெடுத்தார்கள். அதை ஆப்பிரிக்கா முழுவதும் பரப்பும் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். இந்தியாவில் பூச்சி தென்பட்டதும், பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் மத்திய அரசின் இறக்குமதி அனுமதியுடன் 2021-இல் பெனின் நாட்டிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் ஆய்வு நிறுவனத்திடமிருந்து குளவிகளை வரவழைத்தது. அவற்றைத் தனிமைக் கூடத்தில் அடைத்து வைத்து, பிற உயிரினங்களுக்குத் தீங்கில்லை என்று உறுதி செய்த பிறகே பெருக்கினார்கள். 2022 மார்ச் மாதத்தில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அவை வயல்வெளிக்கு விடப்பட்டன. வேறொரு நாட்டின் ஆய்வகம், மத்திய அரசின் அனுமதித் துறை, மாநிலப் பல்கலைக்கழகம், மாவட்டத் தோட்டக்கலை அலுவலகம் ஆகிய அனைத்தும் கை கோத்தால்தான் இவ்வகை வேலை நடக்கும். அது நடந்தது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

முதல் வேலை, வயலில் இருப்பது எந்த மாவுப்பூச்சி என்று தெளிவது. இதில் அவசரம் கூடாது, ஏனெனில் மரவள்ளியைத் தாக்கும் மாவுப்பூச்சிகள் பல. ஒன்றுக்கு உரிய குளவி மற்றொன்றைத் தொடாது. புதிதாக வந்த பூச்சியின் உடல் இளஞ்சிவப்பாக இருக்கும். மேலே வெண்ணிற மாவு படிந்திருக்கும். அது நுனிக் குருத்தைத் தாக்குவதால் கணுவிடைகள் குறுகி, இலைகள் சுருண்டு, செடியின் தலை முடிச்சுப் போட்டதுபோல் கொத்தாகிவிடும். தண்டு கோணலாக வளரும். 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, பப்பாளியோடு மல்பெரியையும் மரவள்ளியையும் சூறையாடிய பப்பாளி மாவுப்பூச்சியோ மஞ்சள் நிற உடல் கொண்டது. முதுகில் இரண்டு கருங்கோடுகளும் பின்புறம் நீண்ட வால் இழைகளும் தெரிந்தால் அது வரிமாவுப்பூச்சி. கைப்பேசியில் நுனிக் குருத்தையும் பூச்சியையும் அருகில் வைத்துப் படம் எடுத்து, வட்டாரத் தோட்டக்கலை அலுவலருக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ அனுப்புங்கள். மாதிரியை நேரில் கொண்டு செல்வதானால், நெகிழிப் பையில் இட்டு வாயை இறுகக் கட்டிய பிறகே வயலை விட்டு வெளியேறுங்கள். யாரை அணுகுவது என்று தெரியாதவர்கள் 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மைய எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

பூச்சி உறுதியானதும், தனியாக அல்லாமல் அக்கம்பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து குளவிக்கு விண்ணப்பியுங்கள். குளவிக்கு வரப்பு தெரியாது. நடுவில் உள்ள ஒருவர் மருந்து அடித்துக்கொண்டே இருந்தால், சுற்றிலும் விடப்பட்ட குளவிகளும் மடியும். எந்தெந்த வயலில் எவ்வளவு பரப்பு, நட்ட மாதம் எது, கடைசியாக எந்த மருந்து எப்போது தெளிக்கப்பட்டது என்ற விவரங்களை எழுதிக் கொடுத்தால், எத்தனை குளவிகள் தேவை, எப்போது விடலாம் என்பதை அலுவலர்கள் கணக்கிட்டுச் சொல்வது எளிதாகும்.

மருந்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பூச்சியின் மேலுள்ள மெழுகுப் பூச்சு மருந்தைத் தடுக்கிறது. சுருண்ட குருத்துக்குள் ஒளிந்திருப்பவற்றைத் தெளிப்பு எட்டுவதில்லை. சாவது பெரும்பாலும் குளவியும், மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டும்தான். பப்பாளி மாவுப்பூச்சி வந்தபோது உழவர்கள் திரும்பத் திரும்பத் தெளித்தும் அது அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட அசிரோபேகஸ் பப்பாயே குளவிதான் அதை அடக்கியது. ஆகவே குளவி விடுவதற்கு முன்பும், விட்ட பிறகும், அலுவலர் குறிப்பிடும் காலம்வரை பூச்சிக்கொல்லியைத் தொடாதீர்கள். மிகுதியாகத் தாக்கப்பட்ட நுனிகளைக் கிள்ளி எரிக்க விரும்பினால் அதைக் குளவி விடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்; ஆனால் எல்லாவற்றையும் எரித்துவிட வேண்டாம். முட்டையிடப் பூச்சி இல்லாத வயலில் குளவி தங்காது.

குளவிகள் கைக்கு வந்த அன்றே வயலில் விட வேண்டும். குளவிகள் அடைத்துள்ள குழாய்களை வெயில் படும் இடத்திலோ, மூடி நிறுத்திய வண்டிக்குள்ளோ வைக்காமல், நிழலில் கொண்டு சென்று, காலை இளவெயிலிலோ மாலையிலோ, பூச்சி உள்ள செடிகளின் குருத்தருகே திறந்து வையுங்கள். மழை வரும்போல் இருந்தால் சற்றுப் பொறுங்கள். ஒரே இடத்தில் கொட்டாமல், வயலின் பல பகுதிகளில் பகிர்ந்து விடுவது நல்லது.

அதன் பின் பார்க்க வேண்டியது குளவியை அல்ல, மாவுப்பூச்சியின் உடலை. பெண் குளவி பூச்சிக்குள் முட்டையிடும். உள்ளே பொரிக்கும் புழு அதைத் தின்று வளரும். பூச்சியின் உடல் பழுப்பு நிறத்தில் உப்பிக் கெட்டியான கூடாகிவிடும். மூன்று, நான்கு வாரங்கள் கழித்துக் குருத்துகளை விரித்துப் பார்த்தால் இந்தக் கூடுகள் தென்படும். சிலவற்றில் குளவி வெளியேறிய வட்டத் துளையும் இருக்கும். அத்தகைய குருத்துகளைக் கிள்ளவோ எரிக்கவோ கூடாது. அருகில் ஏற்கெனவே பூச்சி பரவிய வயலுக்கு மட்டும் சிலவற்றை ஒடித்துக் கொண்டுபோய்க் கட்டிவிடலாம்; பூச்சி இல்லாத வயலுக்கு ஒருபோதும் கொண்டுபோகக் கூடாது, ஏனெனில் அவற்றில் உயிருள்ள பூச்சிகளும் ஒளிந்திருக்கும். ஒரு கூடுகூடத் தென்படாவிட்டால் அலுவலரிடம் சொல்லி மறுபடியும் விடச் செய்யுங்கள். பூச்சி முற்றிலும் மறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆங்காங்கே சில பூச்சிகள் எஞ்சியிருந்தால்தான் குளவியும் அங்கே நிலைத்திருக்கும்.

இவ்வளவு செய்தும் பயனில்லாமல் போவதற்கு ஒரே பெரிய வழி விதைக் குச்சிதான். இந்தப் பூச்சி பல மைல்கள் தாண்டிப் பரவுவது பெரும்பாலும் நடவுக்கு எடுத்துச் செல்லும் குச்சிக் கட்டுகளின் மூலமே. பெண் பூச்சி ஆணின்றியே இனம் பெருக்குவதால், கணுவிடுக்கில் ஒன்று தப்பிப் போனாலும் புதிய இடத்தில் கூட்டம் உருவாகிவிடும். துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் நடக்கும் பயிர்த் தொற்றுக்காப்புச் சோதனை, வயலுக்கு வயல் போகும் குச்சிக் கட்டைப் பார்ப்பதில்லை. உள்நாட்டு நகர்வைக் கண்காணிக்கும் ஏற்பாடு இன்னும் வலுப்பட வேண்டும் என்று உழவர் குறைதீர் கூட்டங்களில் கேட்பது நம் கடமை. அது வரும்வரை, தாக்குதல் இல்லாத வயலில் இருந்து, கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்த செடிகளின் தண்டையே வாங்குங்கள். குச்சிகளை நடுமுன் பரிந்துரைக்கப்பட்ட மருந்துக் கரைசலில் நனைத்து எடுக்கலாம். குளவி இல்லாத அந்த நேரத்தில் மருந்தால் அதற்குக் கேடில்லை. அறுவடைக்குப் பின் பூச்சி பிடித்த தண்டுகளை வரப்பில் குவித்து வைக்காமல் அழித்துவிடுங்கள். மறு நடவு தழைத்து வறட்சி தொடங்கியதும், வாரம் ஒருமுறை வயலின் ஓரச் செடிகளின் குருத்துகளில் இருந்து பார்வையைத் தொடங்குங்கள். மழை குறைந்த வெப்ப மாதங்களில்தான் பூச்சி வேகமாகப் பெருகும்.